பழகிப்போன கண்

மகாராஷ்டிரத்தில் உள்ள அஜந்தாவுக்கு வரும் பயணி ஒருவர், நண்பகல் வெயிலில் மலைச்சரிவின் பாதையைக் கடந்து முதலாம் குகைக்குள் நுழைகிறார். நுழைந்தவுடன் அவர் காண்பது இருள் ஒன்றையே. அருகில் நிற்கும் தூண்கள்கூடத் தெளிவாகப் புலப்படுவதில்லை. சில நிமிடங்கள் பொறுத்து நின்றால் அந்த இருளுக்குள்ளிருந்து ஒரு முகம் மெல்ல எழுகிறது. தாழ்ந்த இமைகள், கையில் ஏந்திய தாமரை, கருணை ததும்பும் பார்வை. ஏறத்தாழ 1500 ஆண்டுகளாக அச்சுவரில் இருந்துவரும் போதிசத்துவர் பத்மபாணியின் ஓவியம் அது.

அந்தச் சில நிமிடங்களில் ஓவியம் மாறிவிடவில்லை. குகையின் வெளிச்சமும் கூடிவிடவில்லை. காண்பவரின் கண் தன்னை மாற்றிக்கொண்டது. இது எல்லோருக்கும் பழக்கமான அனுபவம்தான். எனவே இதைப் பற்றி யாரும் நின்று சிந்திப்பதில்லை. ஆனால் சற்றே ஆராய்ந்தால் இதனுள் ஆழமான ஓர் அறக்கேள்வி அடங்கியிருப்பது தெரியும். தான் இருக்கும் சூழலுக்கு ஏற்பத் தன்னைப் பொருத்திக்கொண்டே கண் காண்கிறது என்றால், அது காட்டுவதை எந்த அளவுக்கு நம்பலாம்? நன்மை தீமைகளைக் காணும் மனமும் அவ்வாறே சூழலுக்குப் பழகிவிடும் என்றால், மனிதன் தன் மனச்சாட்சியை எந்த அளவுக்கு நம்பலாம்?

கண் அளப்பது எதை?

இயற்கையில் ஒளியின் ஏற்றத்தாழ்வு மிகப் பெரிது. நட்சத்திர வெளிச்சத்தில் கிடக்கும் மணலையும் உச்சிவெயிலில் கிடக்கும் மணலையும் ஒரே கண்தான் காண்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஒளி பல கோடி மடங்கு வேறுபடுகிறது. ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் நரம்பிழை ஒன்று, ஒரு நொடியில் சில நூறு துடிப்புகளுக்கு மேல் அனுப்ப இயலாது. கடலைச் சிறு செம்பில் அடைப்பது போன்ற இந்தச் செயலைக் கண் எவ்வாறு நிறைவேற்றுகிறது?

கண்ணின் பாவை சுருங்கி விரிவதே இதற்குக் காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். அது ஒரு சிறு பகுதியே. பாவையின் விட்டம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை மாறக்கூடும். அதனால் உள்ளே வரும் ஒளி 16 மடங்கு வரைதான் கூடும் அல்லது குறையும். எஞ்சிய பணி முழுவதையும் விழித்திரையும் மூளையும் செய்கின்றன.

விழித்திரையில் மங்கலான ஒளிக்கு உரிய கோல் வடிவ உயிரணுக்கள் ஏறத்தாழ 12 கோடியும், பகலொளிக்கும் நிறத்துக்கும் உரிய கூம்பு வடிவ உயிரணுக்கள் ஏறத்தாழ 60 லட்சமும் உள்ளன. இருளுக்குள் சென்றதும் கூம்பணுக்கள் சுமார் 10 நிமிடங்களில் தம் கூர்மையின் எல்லையை எட்டிவிடுகின்றன. கோலணுக்கள் அரை மணி நேரத்துக்கு மேலும் எடுத்துக்கொள்கின்றன. வெளிச்சத்தில் சிதைந்த நிறமிப்பொருள் அவற்றில் மீண்டும் உருவாக வேண்டும் என்பதே இத்தாமதத்துக்கு முதன்மைக் காரணம். இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வருவதோ விரைவில் நடந்துவிடுகிறது. கூச்சம் சில நொடிகளில் தணிந்து, கண் தெளிந்துவிடுகிறது.

இத்தனை கோடி உயிரணுக்கள் பெறும் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் மட்டுமே உண்டு. ஆகவே விழித்திரை எல்லாவற்றையும் அப்படியே அனுப்புவதில்லை. ஓரிடத்தின் ஒளியை அதன் சுற்றுப்புறத்தின் ஒளியோடு ஒப்பிட்டு, அவற்றின் வேறுபாட்டையே பெரும்பாலும் அனுப்புகிறது. தொலைக்காட்சிப் பெட்டியில் ‘கான்ட்ராஸ்ட்’ என்று குறிக்கப்படும் ஒளிமாறுபாடு இதுவே. கண்ணுக்கு முதன்மையான செய்தி ஒளியின் மொத்த அளவன்று. ஒன்றுக்கும் அதன் அண்டையில் உள்ளதற்கும் இடையே உள்ள வேறுபாடே.

இதை உணர்த்த எளிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. விளக்கொளி 300 லக்ஸ் உள்ள அறையில் ஒருவர் செய்தித்தாள் படிக்கிறார். அதே தாளை 1 லட்சம் லக்ஸ் வெயிலுக்கு எடுத்துச்செல்கிறார். வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டையும் கறுப்பு எழுத்து 5 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோர், அறையில் வெள்ளைத் தாளிலிருந்து வரும் ஒளியைக் காட்டிலும் வெயிலில் கறுப்பு எழுத்திலிருந்து வரும் ஒளி ஏறத்தாழ 20 மடங்கு அதிகம் என்பதைக் கணக்கிட்டு அறியலாம். ஆயினும் எழுத்து கறுப்பாகவும் தாள் வெண்மையாகவும் இரண்டு இடத்திலும் தோன்றுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய உடலியல் அறிஞர் எவால்டு ஹெரிங் இத்தகைய உண்மையை எடுத்துக்காட்டி, கண் ஓர் ஒளிமானி அல்ல என்பதை விளக்கினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண் பழகுவது குறையென்று கருதிவிடக் கூடாது. ஒளியின் அளவை விட்டுக்கொடுத்துத்தான் அது பொருளின் இயல்பைப் பற்றிக்கொள்கிறது. வெளிச்சம் நாழிகைக்கு நாழிகை மாறுகிறது. தாளின் வெண்மை மாறுவதில்லை. மாறுவதைக் கழித்து மாறாததைக் காட்டவே கண் தன்னைப் பொருத்திக்கொள்கிறது. இந்த அளவில் பழக்கம் உண்மைக்குத் துணை செய்கிறது.

மாறாதது மறைகிறது

இந்த நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. வேறுபாட்டையே நாடும் கண், வேறுபடாத ஒன்றைக் கைவிட்டுவிடுகிறது. சுவிட்சர்லாந்தின் மருத்துவரும் தத்துவ அறிஞருமான டிராக்ஸ்லர் 1804ஆம் ஆண்டில் இதைப் பதிவு செய்தார். ஒரு புள்ளியின்மேல் பார்வையை அசையாமல் நிறுத்தினால், அதன் ஓரத்தில் உள்ள மங்கலான உருவங்கள் சில நொடிகளில் தேய்ந்து மறைந்துவிடும். 1950களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர்கள் இன்னும் ஒருபடி சென்றனர். கண் அசையும்போது உருவமும் உடன் அசையுமாறு கருவி அமைத்து, விழித்திரையில் பிம்பம் ஒரே இடத்தில் நிற்கும்படி செய்தனர். கண் திறந்திருந்தது, ஒளியும் விழுந்துகொண்டிருந்தது. உருவம் மட்டும் சில நொடிகளில் காணாமல் போயிற்று.

ஒவ்வொருவர் கண்ணுக்குள்ளும் இதற்கு நிலையான சான்று ஒன்று இருக்கிறது. விழித்திரையின் இரத்தக் குழாய்கள் ஒளியை உணரும் உயிரணுக்களுக்கு முன்னால் கிடக்கின்றன. அவற்றின் நிழல் பிறந்த நாள் முதல் அந்த உயிரணுக்கள்மேல் விழுந்துகொண்டே இருக்கிறது. அதை எவரும் காண்பதில்லை. செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வழி கண்டார். இருட்டறையில் கண்ணின் பக்கவாட்டில் சிறு விளக்கொன்றை அசைத்தால் நிழலும் இடம் பெயர்கிறது. அப்போது கிளைகள் விரிந்த மரம் போன்ற ஒரு வடிவம் கண்முன் தோன்றுகிறது. இதுகாறும் இல்லாத ஒன்று அப்போது உண்டாகவில்லை. எப்போதும் இருந்தமையாலேயே அது தெரியாமல் இருந்தது.

ஒளியின் அளவுக்கு மட்டுமல்லாமல் ஒளிமாறுபாட்டுக்கும் கண் பழகுகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் காலின் பிளேக்மோரும் ஃபெர்கஸ் கேம்பெலும் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. அழுத்தமான கறுப்பு வெள்ளைக் கோடுகளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, பின்னர் அதே திசையிலும் ஏறத்தாழ அதே அகலத்திலும் வரையப்பட்ட மங்கலான கோடுகள் தெரியவில்லை. வேறு திசையில் அமைந்த மங்கலான கோடுகளோ முன்போலவே தெரிந்தன. கண் பொதுவாகச் சோர்ந்துவிடவில்லை என்பதும், அழுத்தமாகக் கண்ட அந்த ஒன்றின் மெல்லிய வடிவத்தையே காணும் திறனை இழந்தது என்பதும் இதனால் விளங்கின. நரம்பணுக்கள் தமக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஒளிமாறுபாட்டை நடுநிலையாக வைத்துக்கொண்டு தம் அளவுகோலையே நகர்த்திக்கொள்கின்றன என்பதை 1980களில் பூனையின் மூளையில் நடந்த ஆய்வுகளும், விழித்திரையிலேயே இது தொடங்கிவிடுகிறது என்பதை 1997ஆம் ஆண்டின் ஆய்வும் காட்டின.

மனத்தின் பழக்கம்

கண்ணைப் பற்றிய இந்த உண்மைகள் மனத்தைப் பற்றி எதையும் நிரூபித்துவிடுவதில்லை. ஆனால் மனமும் இதே வழியில் நடப்பதற்கு வரலாறு சான்று கூறுகிறது. மகாபாரதத்தில் யட்சன் தருமபுத்திரரிடம், உலகில் பெரும் வியப்பு எது என்று வினவுகிறான். நாள்தோறும் உயிர்கள் மடிவதைக் கண்டும், எஞ்சியிருப்போர் தமக்கு அழிவில்லை என்பது போல் வாழ்வதையே பெரும் வியப்பாக அவர் சுட்டுகிறார். மரணம் மறைவிடத்தில் நடப்பதன்று. அது எப்போதும் நடப்பதாலேயே கண்ணில் படாமல் போகிறது.

1943ஆம் ஆண்டு வங்காளத்தில் பஞ்சம் பரவியது. கிராமங்களிலிருந்து பெருந்திரளாகக் கல்கத்தாவுக்கு வந்தவர்கள் சோறு கேட்கவில்லை. சோற்றை வடித்த கஞ்சித் தண்ணீரைக் கேட்டு வீடு வீடாகக் குரல் கொடுத்தனர். நடைபாதைகளில் உடல்கள் கிடந்தன. அலுவலகங்களும் கடைகளும் உணவகங்களும் நடந்துகொண்டிருந்தன. 1945இல் அறிக்கை அளித்த விசாரணைக் குழு, இறந்தோர் தொகையை ஏறத்தாழ 15 லட்சம் எனக் கணித்தது. பிற்கால ஆய்வாளர் பலரின் மதிப்பீடு இதைவிட மிக அதிகம். அந்நகரில் வாழ்ந்தவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர் அல்லர். முதல் நாள் நின்று கலங்கியவர் பத்தாம் நாள் விலகி நடந்தார், முப்பதாம் நாள் காணாமலே நடந்தார். இதுவே அச்சத்துக்குரியது.

அவ்வாண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ், அதன் ஆசிரியர் இயன் ஸ்டீஃபன்ஸின் முடிவின்படி, பஞ்சத்தில் வாடியவர்களின் புகைப்படங்களை வெளியிட்டது. கல்கத்தாவாசிகள் நாள்தோறும் தெருவில் கடந்து சென்ற காட்சிகளே அவை. ஆயினும் வீட்டின் அமைதியில், தாளின் சட்டத்துக்குள் அவற்றைக் கண்டபோது அவை தாக்கின. தில்லியிலும் லண்டனிலும் அதிர்வு உண்டாயிற்று. ஜைனுல் ஆபெதின் மலிவான தாளில் கறுப்பு மையால் தீட்டிய ஓவியங்களும், சித்தபிரசாத் ஊர் ஊராகச் சென்று வரைந்தவையும் இதே பணியைச் செய்தன. புர்கின்யே விளக்கை அசைத்ததைப் போல, இவர்கள் மக்கள் கண்ணில் பழகிப்போன நிழலைச் சற்றே இடம் பெயர்த்தனர்.

பார்ப்பவர் மட்டுமே பழகுவார் என்று எண்ணுவதற்கில்லை. துன்பப்படுபவரும் பழகிவிடுகிறார். பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944இல், கல்கத்தாவுக்கு அருகில் உள்ள சிங்கூரில் அகில இந்தியச் சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தம் உடல்நிலை சரியில்லை என்றோ அவ்வளவாக நன்றாயில்லை என்றோ கூறினர். கணவனை இழந்த பெண்களில் அவ்வாறு கூறியவர்கள் 2.5 விழுக்காட்டினரே. அக்காலத்து வங்க விதவைகளின் வாழ்க்கையை அறிந்தவர் எவரும், அவர்கள் ஆண்களைவிட நலமாக இருந்தனர் என்று நம்பமாட்டார். பொருளாதார அறிஞர் அமார்த்தியா சென் இந்தப் புள்ளிவிவரத்தைப் பின்னாளில் தம் நூலில் எடுத்துக்காட்டினார். நெடுங்காலம் குறைவிலேயே வாழ்ந்தவர் அக்குறைவையே இயல்பென்று கொண்டுவிடுகிறார். எனவே ஒருவர் முறையிடவில்லை என்பதால் அவருக்குக் குறையில்லை என்று முடிவு செய்வது நீதியாகாது.

பழகுவது பாவமா?

அப்படியானால் பழகிக்கொள்வதே பாவம் என்று கூறிவிடலாமா? இக்கேள்விக்கு அவசரப்பட்டு விடை கூறுதல் தகாது.

தீக்காயப் பிரிவில் பணிபுரியும் செவிலியர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு நோயாளியின் அலறலும் முதல் நாள் தாக்கியதைப் போலவே அவரைத் தாக்கினால், அவரால் ஒரு வாரம்கூடப் பணியாற்ற இயலாது. அவருடைய கை நடுங்கும். நோயாளிக்கே தீங்கு நேரும். காசியின் மணிகர்ணிகைத் துறையில் சிதைகளைப் பேணும் தொழிலாளர் ஒவ்வோர் உடலுக்கும் அழுதுகொண்டிருந்தால், இறந்தோரின் உறவினர்க்கு அவரால் உதவ முடியாது. இவர்களுடைய பழக்கத்தைக் கல்நெஞ்சம் என்று கூறுபவர் தம் அறியாமையையே வெளிப்படுத்துகிறார்.

வேறுபாடு எங்கே இருக்கிறது? செவிலியரின் கண்ணீர் பழகிவிட்டது. அவருடைய கை பழகி மரத்துவிடவில்லை. நோயாளியின் மூச்சில் ஏற்படும் சிறு மாற்றமும் அவருக்குத் தெரிகிறது. புதியவர் ஒருவர் அலறலை மட்டும் கேட்கும் இடத்தில், அவர் அலறலின் பொருளைக் கேட்கிறார். வெயிலுக்குப் பழகிய கண் வெயிலைக் கழித்துவிட்டுப் பொருளைக் காண்பது போன்றது இது. நடைபாதையில் கிடப்பவரைக் கடந்து செல்பவரிடம் நடந்ததோ வேறு. அங்கே கழிக்கப்பட்டது மனக்கலக்கம் மட்டுமன்று, மனிதரே கழிக்கப்பட்டுவிட்டார்.

ஆகவே ஒரு பழக்கத்தைச் சோதிக்க ஒரு கேள்வி போதும். இந்தப் பழக்கம் கடமையைச் செய்வதற்காகக் கலக்கத்தைக் குறைத்ததா? அல்லது கலக்கத்தைக் குறைத்துக்கொள்வதற்காகக் கடமையையே மறைத்துவிட்டதா? முதலாவது பக்குவம், இரண்டாவது உறக்கம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் அமைதியாகவே தோன்றும். அமைதியை மட்டும் கண்டு ஒருவரை ஞானி என்று கொள்வதில் உள்ள ஆபத்தும் இதுவே.

தீமை குறையும்போது

இன்னொரு திசையிலும் கவனம் தேவை. தீமை பெருகும்போது மனம் மரத்துப்போகிறது என்றால், தீமை குறையும்போது என்ன ஆகிறது? அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லெவாரி, டேனியல் கில்பர்ட் முதலியோர் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. நீலத்திலிருந்து ஊதா வரையிலான நிறப்புள்ளிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இது நீலமா அன்றா என்று பங்கேற்றோரிடம் கேட்டனர். போகப்போக நீலப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்தனர். நீலம் அரிதானபோது, முன்பு ஊதா என்று தள்ளிய புள்ளிகளையே அவர்கள் நீலம் என்று கூறத் தொடங்கினர். முன்கூட்டியே எச்சரித்தும், சரியாகக் கூறினால் பணம் தருவதாகச் சொல்லியும் இப்போக்கு நிற்கவில்லை. அச்சுறுத்தும் முகங்களைக் கண்டறிதல், அறமற்ற ஆய்வுத் திட்டங்களைக் கண்டறிதல் ஆகியவற்றிலும் இதுவே நிகழ்ந்தது.

இதன் பொருள் எளிது. பெரிய குற்றங்கள் இல்லாத இல்லத்தில் சிறு பிழைகள் பெருங்குற்றங்களாகத் தோன்றும். மருமகள் கோலத்தைச் சற்றுக் கோணலாகப் போட்டதும் தலையாய தவறாகிவிடும். வசதி நிறைந்த வாழ்வில் சிறு தாமதமும் பெருந்துன்பமாகும். நற்பணி செய்யும் அமைப்புகளிலும் தீமை ஒழிந்த பின்னர் தீயவரைத் தேடும் வேட்கை ஓயாமல் இருக்கக் காணலாம்.

ஆகவே உணர்ச்சியின் வேகத்தை அறத்தின் அளவுகோலாகக் கொள்பவர் இரு வழிகளிலும் ஏமாறுகிறார். கொடுமை சூழ்ந்த இடத்தில் கொடுமை அவருக்குத் தெரிவதில்லை. நன்மை சூழ்ந்த இடத்தில் இல்லாத கொடுமை தெரிகிறது. ‘என் மனத்துக்குத் தவறாகப் படவில்லை’ என்பதும், ‘என் மனம் கொதிக்கிறது’ என்பதும் தம்மளவில் முடிவான சான்றுகள் ஆகமாட்டா.

விழிப்புக்கு வழி

இந்நிலையில் செய்யத்தக்கது என்ன? கண்ணின் இயல்பே சில வழிகளைக் காட்டுகிறது.

முதலாவது, அசைவு. ஒன்றையே உற்று நோக்கும்போதும் கண் அறியாமலே நுட்பமாக அசைந்துகொண்டிருக்கிறது. அந்த அசைவு இல்லையேல் உலகம் தேய்ந்து மறையும். மனமும் அவ்வாறே அவ்வப்போது இடம் பெயர வேண்டும். தன் வீட்டை விருந்தினரின் கண்ணாலும், தன் அலுவலகத்தை அதன் வாயிலில் காத்து நிற்கும் ஏழையின் கண்ணாலும் ஒருவர் பார்க்கலாம். புதிதாக வந்தவர் ‘இது ஏன் இப்படி இருக்கிறது?’ என்று கேட்டால், ‘இங்கே எப்போதும் இப்படித்தான்’ என்று அடக்கிவிடாமல் ஒரு கணம் நிற்கலாம். அவருடைய கண் இன்னும் பழகவில்லை. அது அவ்விடத்துக்குக் கிடைத்த அரிய செல்வம்.

இரண்டாவது, ஓய்வு. அழுத்தமான கோடுகளைக் கண்ட கண் மெல்லிய கோடுகளை இழந்தது என்பதை மறக்கக் கூடாது. மரத்துப்போன மனத்தை எழுப்ப மேலும் மேலும் கொடிய காட்சிகளைக் காட்டுவது பயன் தராது. அது அடுத்த முறை இன்னும் கொடியதையே கேட்கும். கைபேசித் திரையில் இரவும் பகலும் வந்து குவியும் துயரக் காட்சிகள் இரக்கத்தை வளர்ப்பதைவிட அதன் வாசலை உயர்த்திவிடும் அபாயமே மிகுதி. வானியல் அறிஞர் மங்கலான விண்மீனைக் காண அரை மணி நேரம் இருளில் காத்திருக்கிறார். குறிப்பு எழுதவும் மெல்லிய சிவப்பு விளக்கையே பயன்படுத்துகிறார். உபவாசமும் மௌனமும் தனிமையும் இத்தகைய காத்திருப்புகளே. ஒரு வேளை பசித்திருந்தவருக்கு வாயிலில் நிற்பவரின் பசி வேறுவிதமாகத் தெரியும்.

மூன்றாவது, புறத்தே ஓர் அளவுகோல். தேர்ந்த புகைப்படக் கலைஞர் தம் கண்ணை மட்டும் நம்புவதில்லை. ஒளிமானியையும், தன்மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிற அட்டையையும் துணைக்கொள்கிறார். தனிமனிதருக்கு விரதங்களும் வாக்குறுதிகளும் கணக்கேடும் இத்தகைய அட்டைகள். சமூகத்துக்கோ சட்டம். தீண்டாமைக்கு நூற்றாண்டுகளாகப் பழகிவிட்ட நாடு, அதை ஒழித்து 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவில் எழுதி வைத்தது. மனிதக் கழிவை மனிதர் அகற்றும் இழிவைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இச்சட்டங்கள் மீறப்படும்போது, ‘இது காலங்காலமாக நடப்பதுதானே’ என்ற பழகிய கண்ணின் சமாதானத்துக்கு எதிராக எழுத்தில் நிற்கும் அளவுகோல் ஒன்றாவது இருக்கிறது. ஆயினும் அட்டையைப் பையிலேயே வைத்திருப்பவருக்கு அதனால் பயனில்லை.

காலம் கடந்துவிட்டதே என்று மனம் தளரவும் தேவையில்லை. பிறவியிலேயே கண்புரையால் பார்வை இழந்து, பல ஆண்டுகள் சிகிச்சை இன்றி வளர்ந்த இந்தியச் சிறுவர்களுக்குத் தில்லியில் அறுவை சிகிச்சைக்கு வழி செய்யும் ‘பிரகாஷ்’ திட்டத்தைப் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கினார். குழந்தைப் பருவம் கடந்தபின் பார்வையை அளித்தாலும் மூளை அதைக் கற்க இயலாது என்ற கருத்து நெடுநாள் நிலவியது. 2014இல் அக்குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பல ஆண்டுகள் கழித்துப் பார்வை பெற்ற சிறுவர்களில் ஒரு பகுதியினரிடம், மெல்லிய ஒளிமாறுபாட்டை உணரும் திறன் சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்களில் வளர்ந்தது தெரியவந்தது. எல்லோருக்கும் அது கிட்டவில்லை, முழுமையாகவும் கிட்டவில்லை. ஆனால் கதவு முற்றிலும் அடைபட்டிருக்கவில்லை. நெடுநாள் மரத்துக் கிடந்த மனத்துக்கும் இது ஆறுதல் தரும் செய்தி.

பழகியதை அறிவது யார்?

இறுதியாக ஒரு கேள்வி எஞ்சுகிறது. கண் பழகுகிறது, மனமும் பழகுகிறது. அப்படியானால், ‘நான் பழகிவிட்டேன்’ என்று அறிவது எது?

‘த்ருக் த்ருச்ய விவேகம்’ என்னும் வேதாந்த நூல் இவ்விடத்திலிருந்தே தன் விசாரணையைத் தொடங்குகிறது. கண்ணின் குருடும் மங்கலும் கூர்மையும் மனத்தால் அறியப்படுகின்றன. எனவே கண் காண்பது மட்டுமன்றிக் காணப்படுவதும் ஆகும் என்பது அதன் வாதம். மனத்தின் மாற்றங்களும் அறியப்படுகின்றன. ஆகவே மனமும் காணப்படுவதே. இவ்வாறு படிப்படியாகச் சென்று, எல்லாவற்றையும் காண்பதும் தான் எதனாலும் காணப்படாததுமான சாட்சியை அந்நூல் சுட்டுகிறது.

அத்தகைய சாட்சி உண்டு என்பதைக் கண்ணாய்வு நிரூபிக்காது, மறுக்கவும் செய்யாது. ஆய்வுக்கூடத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட கேள்வி அது. ஆனால் அறவாழ்வுக்கு வேண்டிய அளவில் ஓர் உண்மை எல்லோர் அனுபவத்திலும் இருக்கிறது. மனிதனால் தன் மரத்துப்போன தன்மையை அறிய முடியும். கண்ணுக்குள் இருக்கும் நிழலைக் கண் தானாகக் கண்டதில்லை. ஆயினும் விளக்கை அசைத்துப் பார்க்க வேண்டும் என்று மனிதனுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் பழக்கத்திலிருந்து எழுந்ததன்று. பழக்கத்தை ஐயுற்றதிலிருந்து எழுந்தது.

பழகாத மனத்தைப் பெறுவது எவருக்கும் இயலாது. பெற்றால் அதைக்கொண்டு வாழவும் இயலாது. தன் மனம் எதற்கெல்லாம் பழகியிருக்கக்கூடும் என்று கேட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் இயலும். தினமும் செல்லும் வழியில் ஒரு முகம், தினமும் பேசும் ஒரு கடுஞ்சொல், தினமும் யாரோ ஒருவர் சுமக்கும் ஒரு பாரம் என்று ஏதேனும் ஒன்று அங்கே காத்திருக்கும். அதை இன்று ஒருமுறை நின்று நோக்கி, செய்ய வேண்டியதைச் செய்பவரே கண்ணுடையவர்.